பூண்டு உரித்த கை

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்ணின் தட்டுக்கு முதலில் வருவது பூண்டு. நல்லெண்ணெயில் வதக்கிய முழுப் பூண்டு, பாலில் வேகவைத்த பூண்டு, மிளகு தூக்கலாகப் போட்ட பூண்டுக் குழம்பு. "பால் ஊறணும்ல" என்று சொல்லிச் சொல்லி வைப்பார்கள். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்த நான், மார்பைப் பற்றிப் பெரியவர்கள் வாய்விட்டுப் பேசிக் கேட்டது அந்த நாட்களில் மட்டும்தான். பால் ஊறுகிறதா, கட்டிக்கொண்டதா, பிள்ளை வாய் வைக்கிறதா என்று கூடத்தில் ஆண்கள் இருக்கும்போதே கேட்பார்கள். பிள்ளை பால் மறந்ததும் அந்தப் பேச்சும் நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த உறுப்புக்கு வீட்டில் பெயர் கிடையாது. வலித்தால் "நெஞ்சுப் பக்கம்". கட்டி தட்டுப்பட்டால் "கக்கத்துக்கிட்ட என்னமோ".

என் அயித்தையும் அப்படித்தான் சொன்னார். அப்பாவின் அக்கா. கல்யாண வீடுகளுக்குச் சமையல்காரர்களோடு போய்க் காய் அரியும் வேலை அவருக்கு. செட்டிநாட்டுச் சமையல் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியிருக்கும் சமையலுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். முதல் நாள் சாயங்காலமே சாக்கை விரித்து உட்கார்ந்து, தண்ணீரில் ஊறப்போட்ட சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் விடிய விடிய உரிப்பார்கள். நகக்கண் எரியும். கையில் அந்த வாடை இரண்டு நாளைக்குப் போகாது. பந்தி எல்லாம் முடிந்த பிறகு, மிஞ்சியதில் அவர்கள் சாப்பாடு.

52 வயதில், குளிக்கும்போது, இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒன்று அவர் கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மருமகளிடம் சொன்னார். மருமகள் மகனிடம் சொன்னாள். மகன் தன் சித்தப்பாவிடம் கேட்டான். அவர் எங்கோ படித்திருந்தார்: "பூண்டுல இருக்கிற சத்து மார்புப் புத்துநோய் செல்லையே கொல்லுதாம். ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க. தினம் வெறும் வயித்துல அஞ்சு பல் மெல்லச் சொல்லு." ஆறு மாதம் அயித்தை மென்றார். வயிறு புண்ணானது. பட்டாணி எலுமிச்சங்காய் ஆனது. ஒரு விசேஷ வீட்டில் அண்டாவைத் தூக்கும்போது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு நான் கேட்டேன். தனி அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிந்திருந்தது.

"எட்டு மாசமா ஏன் அயித்தை சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது தாயி? எங்க வச்சுச் சொல்றது?"

மறுநாளே கூட்டிப்போனேன். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். அக்குள் நெறிக்கட்டிகளுக்கும் போயிருந்தது. அதன் பிறகு மதுரைக்கும் ஊருக்குமாக, ஒரு வழிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஓர் ஆண்டு அலைந்தோம். கீமோ, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. இப்போது நலமாக இருக்கிறார். தினம் ஒரு மாத்திரை விழுங்குகிறார்.

அவர் படித்த அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால், "நம்பாதீர்கள்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். அது பொய்யில்லை. நான் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். பூண்டும் வெங்காயமும் புற்றுநோய்ச் செல்களை ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கின்றன என்று என் மாணவிகளுக்கு நானே பாடம் நடத்துகிறேன். அந்த உண்மை எந்த இடம் வரைக்கும் உண்மை என்பதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

உரிக்காத பூண்டுக்கு வாசனை அதிகம் இல்லை. அதற்குள் அல்லியின் என்ற பொருள் ஓர் அறையிலும் அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் தனித்தனியாக இருக்கின்றன. தட்டினாலோ மென்றாலோ சுவர் உடைந்து இரண்டும் சேர்கின்றன. நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். 1944இல் செஸ்டர் கவல்லிட்டோவும் ஜான் பெய்லியும் அமெரிக்காவில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அல்லிசின் நிலைத்து நிற்காது. கொஞ்ச நேரத்தில் டைஅல்லைல் டைசல்ஃபைடு, டைஅல்லைல் டிரைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்களாக மாறிவிடும். வெங்காயத்தில் இதன் உறவுக்காரச் சேர்மங்கள் உண்டு, கண்ணில் நீர் வரவழைப்பதும் அந்தக் குடும்பம்தான். அதோடு குவர்செடின் என்ற நிறமியும் உண்டு. அது அதிகமாக இருப்பது வெளி அடுக்குகளிலும் தோலிலும். அயித்தை உரித்துக் குப்பையில் கொட்டியது அதைத்தான்.

இந்தச் சேர்மங்களை மார்பகப் புற்றுநோய்ச் செல்கள்மீது ஊற்றினால் செல்கள் பெருகுவது குறைகிறது. பல செல்கள் தம்மைத்தாமே அழித்துக்கொள்கின்றன. உடம்பு வேண்டாத செல்களை ஒழுங்காகக் கழிக்கும் அதே வழியில் அவை சாகின்றன. இது பல ஆய்வுக்கூடங்களில், பலமுறை பார்த்த விஷயம்.

ஒருமுறை ஒரு மாணவி இந்த மாதிரி ஓர் ஆய்வுக்கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "எம்.சி.எஃப்-7 செல்னு எல்லாத்துலயும் போட்டிருக்கே மேடம், அது யாரோட செல்?"

அது ஒரு கன்னியாஸ்திரியின் செல். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த சிஸ்டர் கேத்தரின் ஃபிரான்சஸ். மார்பகப் புற்றுநோய் பரவி 1970இல் இறந்தார். அவருடைய நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்த செல்களை ஹெர்பர்ட் சூல் என்ற விஞ்ஞானி வளர்த்தார். 1973இல் அது வெளியானது. எம்.சி.எஃப் என்பது மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையின் முதல் எழுத்துகள். ஏழு என்பது வரிசை எண். அந்தப் பெண் இறந்து அரை நூற்றாண்டு கடந்தும் அவர் செல்கள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. "பூண்டு மார்பகப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது" என்ற செய்தியில் வருகிற செல் பெரும்பாலும் அவருடையது. ஆனால் அந்தச் செய்தியில் அவர் இல்லை. எந்தப் பெண்ணும் இல்லை. தட்டு மட்டும் இருக்கிறது.

தட்டில் நடப்பதற்கும் உடம்பில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை மாணவிகளுக்கு இப்படிச் சொல்வேன். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்லச் சோப்புத் தண்ணீர் போதும். புற்றுநோய்ச் செல்லை மட்டும் கொன்று, பக்கத்திலிருக்கும் நல்ல செல்லை விட்டுவைக்க வேண்டும். அதுவும் ரத்தத்தில் போகக்கூடிய அளவிலேயே கொல்ல வேண்டும். கஷ்டம் அங்கேதான். ஆய்வுக்கூடத்தில் சேர்மத்தை நேராகச் செல்மேல் விடுகிறார்கள். நாம் சாப்பிடும் பூண்டோ வயிற்று அமிலத்தையும் குடலையும் கல்லீரலையும் தாண்டிப் போக வேண்டும். பச்சைப் பூண்டு தின்றவர்களின் ரத்தத்தில் அல்லிசினைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அது அகப்படவில்லை, அதற்குள் வேறு பொருளாக மாறிவிடுகிறது. நாம் பேசும்போது மூச்சில் அடிக்கும் வாடை அந்த மாறிய பொருள்தான்.

சமைப்பதும் கணக்கில் வரும். எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்து, அவற்றின் பால்சுரப்பித் திசுவைப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் வந்தது. பச்சைப் பூண்டு அந்தத் திசுவின் டி.என்.ஏ. பாதிப்பைக் குறைத்தது. நுண்ணலை அடுப்பில் 60 நொடி வைத்த பூண்டு குறைக்கவில்லை, ஏனென்றால் சூட்டில் நொதி செத்துவிட்டது. பூண்டை நசுக்கி 10 நிமிடம் வைத்திருந்து பிறகு சூடாக்கினால் பலன் ஓரளவு தங்கியது. நம் பூண்டுக் குழம்பில் முழுப் பல்லை அப்படியே எண்ணெயில் வதக்குகிறோம். ரசத்துக்குத் தட்டிப் போடுகிறோம். தட்டி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள் என்று நானும் சொல்வேன். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது எலிக்குக் கிடைத்த பதில்.

பெண்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வுகளும் உண்டு, அவை ஒரே பதிலைச் சொல்லவில்லை. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் எல்லாக் குழம்புக்கும் அடியில் சொஃப்ரிட்டோ இருக்கும். வெங்காயம், பூண்டு, மிளகாய், மல்லித்தழை சேர்த்து அரைப்பது. அங்கே 2008 முதல் 2014 வரை, மார்பகப் புற்றுநோய் வந்த 314 பெண்களிடமும் வராத 346 பெண்களிடமும் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். நாளுக்கு ஒரு முறைக்கு மேல் சொஃப்ரிட்டோ சாப்பிட்டவர்களுக்கு, அதைச் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டால், நோய் வரும் வாய்ப்பு 67 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. 2019இல் வந்த இந்தச் செய்தி உலகம் சுற்றியது. அதற்கு முன்பே, 1995இல், நெதர்லாந்தில் 62,573 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வெளியானது. வெங்காயமும் பூண்டு மாத்திரையும் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மார்பகப் புற்றுநோயில் வித்தியாசம் எதையும் அது காணவில்லை. அந்தச் செய்தி எங்கும் சுற்றவில்லை. நோய் வந்த பிறகு "என்ன சாப்பிட்டாய்" என்று நினைவிலிருந்து கேட்பதைவிட, நோய் வருவதற்கு முன்பே கேட்டு எழுதிவைத்துக் காத்திருப்பது நம்பத் தகுந்த முறை. வெங்காயமும் பூண்டும் நல்ல உணவு என்று தைரியமாகச் சொல்லலாம். வந்துவிட்ட கட்டியை அவை கரைக்கும் என்று காட்டிய மருத்துவச் சோதனை எதுவும் கிடையாது.

தட்டில் தொடங்கும் ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. அயித்தை தினமும் விழுங்கும் டாமாக்சிஃபென் மாத்திரை அதற்குச் சாட்சி. அதை 1962இல் இங்கிலாந்தில் முதலில் தயாரித்தவர் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர். கருத்தடை மருந்து தேடிக்கொண்டிருந்தபோது உருவானது அது. 1971இல் மான்செஸ்டர் நகரில் மேரி கோல் என்ற மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்களும், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 10 பேருக்கு நல்ல பலன் தெரிந்ததாக எழுதினார்கள். ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் கட்டியை அந்த மருந்து எப்படிப் பட்டினி போடுகிறது என்று விளங்கிக்கொள்ள உதவியவை சிஸ்டர் கேத்தரினின் செல்கள். பிறகு பல்லாயிரம் பெண்கள் பல ஆண்டுகள் சோதனைகளில் பங்கெடுத்தார்கள். அப்படிப்பட்ட கட்டி உள்ளவர்கள் 5 ஆண்டுகள் இதை எடுத்தால், 15 ஆண்டுகளில் இந்த நோயால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று இன்று தெரியும். ஒரு செல்லிலிருந்து ஒரு மாத்திரைக்கு வர இத்தனை பெண்களின் உழைப்பும் உடம்பும் வேண்டியிருந்தது. பூண்டு இந்தப் பாதையில் முதல் அடிகளைத்தான் வைத்திருக்கிறது.

"செடியிலிருந்து வராத மருந்தா?" என்று சித்தப்பா கேட்டார். வருகிறதுதான். நம் வேலி ஓரத்திலும் சுடுகாட்டிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளை எடுக்கிறார்கள். ஆனால் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அளந்து, ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். நித்தியகல்யாணி இலையைத் தினம் அஞ்சு மென்று தின்னச் சொல்லி யாரும் சொல்வதில்லை, அது விஷம் என்று தெரியும். பூண்டு விஷமில்லை என்பதால் பெண்ணின் வாயில் எளிதாகத் திணித்துவிடுகிறோம்.

எனக்குக் கோபம் பூண்டின்மேல் இல்லை. ஒரு பெண் மார்பில் கட்டி என்று சொன்னதும், வீட்டிலிருந்து வந்த பதில் அடுப்படியிலிருந்து வந்ததே, அதன்மேல்தான். மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் யாராவது லீவு போட வேண்டும், பணம் எடுக்க வேண்டும், அந்த உறுப்பின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூண்டுக்கு இவை எதுவும் வேண்டாம். அவளே உரித்து அவளே மென்றுகொள்வாள். நோய் குறையாவிட்டால் அதுவும் அவள் குற்றமாகிவிடும். "ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா" என்று அயித்தையின் காதுபடவே ஒருவர் சொன்னார். "ரெண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்கு இது வருமா?" என்று இன்னொருவர் சந்தேகப்பட்டார். வரும். 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட கணக்குப்படி, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. நல்லதுதான். ஆனால் அது கவசம் இல்லை. வயதும் மரபணுவும் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலைக்குப் பெண்ணின் சமையலையும் தாய்மையையும் விசாரணைக்கு இழுப்பது ஒரு பழைய பழக்கம்.

இந்தப் பழக்கத்தை எதிர்த்து வேறு வழியைக் காட்டியவர் எங்களுக்குப் பக்கத்துச் சீமைக்காரர்தான். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு அவர் பத்தியம் எழுதவில்லை. மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார்கள். பெண்கள் சங்கம் ஒன்று கட்டிய மருத்துவமனை அது. டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும்வரை வாழ்ந்ததும் உழைத்ததும் அங்கேதான்.

நமக்கு இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது எது என்று கேட்டால், மும்பையில் நடந்த ஒரு சோதனையைச் சொல்வேன். 1998இல் டாடா நினைவு மருத்துவமனை, குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பைக் கையால் பரிசோதித்தார்கள். மேமோகிராம் இல்லை, பெரிய படிப்புப் படித்தவர்களும் இல்லை. 20 ஆண்டு கழித்து, 2021இல் கணக்கு வெளியானது. அந்தப் பிரிவில் நோயை முற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 50க்குக் கீழே அப்படிக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் இது தட்டிலும் எலியிலும் கிடைத்ததல்ல. நம் நாட்டில், ஏழைப் பெண்களிடம், தொட்டுப் பார்த்த ஒரு கையால் கிடைத்தது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை.

மாணவிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வலி இல்லாத கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் கசிவது, தோல் குழிவது, அக்குளில் நெறி கட்டுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை, அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குழம்பில் போடும் பூண்டை யாருக்காகவும் நிறுத்த வேண்டாம். பூண்டு மாத்திரையோ பச்சைப் பூண்டோ அதிகமாக எடுத்தால், சிகிச்சையின்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறைவதை அது தாமதப்படுத்தும், அறுவை சிகிச்சைக்கு முன் நிறுத்த வேண்டியிருக்கும். உங்கள் அம்மாவிடம், அயித்தையிடம், அப்பத்தாவிடம் அந்த உறுப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் வெட்கப்படுவார்கள். மறுபடியும் கேளுங்கள்.

அயித்தை மறுபடி வேலைக்குப் போகிறார். இடது கை வீங்குவதால் அண்டா தூக்குவதில்லை, வெங்காயம் மட்டும் உரிக்கிறார். போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில், சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்க, யாரோ பூண்டின் மகிமையைப் பேசத் தொடங்கினார்களாம். "பூண்டு குழம்புக்கு ஆகும்டி. கட்டின்னா ஆசுபத்திரிக்குப் போகணும்" என்றாராம் அயித்தை. அதோடு விடவில்லை. உரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியிடமும் கேட்டிருக்கிறார், எப்போது தொட்டுப் பார்த்தாய் என்று. முதலில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி பந்தி முடிந்த பிறகு அயித்தையைத் தனியாகக் கூப்பிட்டாளாம். அடுத்த திங்கட்கிழமை இருவருமாகச் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.